ஞாயிற்றுக்கிழமைக் காற்று

சுவா
8 டிசம்பர் 1987

அன்புள்ள பாலு,

தேர்வுப் பந்தயம் மார்ச் 26, சனிக்கிழமை. நம் படகு கிளப்பின் செயலாளர் நேற்று மாலை என்னிடம் நேரில் சொன்னார். இன்று காலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியாகிவிட்டது. ஒற்றை ஆள் ஓட்டும் லேசர் பாய்மரப் படகில் இரண்டு பேரை எடுக்கிறார்கள். அவர்கள் மே மாதம் ஆக்லாந்தில் நடக்கும் தீவுகள் போட்டிக்கு வருவார்கள். அணிக்கு மொத்தமாக விசா கிடைக்கும் என்கிறார். அதை நான் இன்னும் வேறு இடத்தில் கேட்டு உறுதி செய்யவில்லை.

உன் தம்பி யோகேந்திராவிடம் சொன்னேன். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை அப்படியே விட்டுவிட்டான். குடியேற்ற விண்ணப்பம் திரும்பி வந்ததிலிருந்து அவன் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஹார்ட்வேர் கடைக்காரன் வேணாம்னாங்க, சரி. படகுக்காரன வேணாம்னு சொல்லட்டும், பாப்போம்" என்றான். உள்ளே வந்துவிட்டால் நீ ஒரு வக்கீலைப் பிடிப்பாய், பிறகு மனைவி ரஞ்சனாவையும் அழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. செப்டம்பரில் ராணுவம் இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்த பிறகு இந்தத் தீவில் இந்தியர் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது.

ஆனால் அவன் முதல் இரண்டு இடத்துக்குள் வரவேண்டும். போன சனிக்கிழமை நான்கு ஓட்டம். முதலாவது, ஒன்பதாவது, இரண்டாவது வந்தான். கடைசியில் கவிழ்ந்து வெளியேறினான். முதலாவது வந்த ஓட்டத்தில் அவனை யாராலும் நெருங்க முடியவில்லை. பரிசு ஷாலேந்திராவுக்குப் போனது. அந்தப் பையன் நான்கிலும் மூன்றாவது, நாலாவது என்று வந்தான், அவ்வளவுதான்.

நீ அங்கே நல்ல ஓட்டிகளைப் பார்க்கிறாய். அவர்கள் செய்வது என்ன, இவன் செய்யாதது என்ன என்று எழுது. தமிழிலேயே எழுது. தபாலைப் பிரிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு; நான் கண்ணால் பார்க்கவில்லை. பிரித்தாலும் இதைப் படிக்க என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று வீட்டில் வேரா சிரிக்கிறாள்.

நிலுவையில் உள்ளது: ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். கடை, பஸ், விளையாட்டு, படகு எதுவும் கூடாது என்பது தெரிந்திருக்கும். புத்தாண்டு கழிந்து தளர்த்துவார்கள் என்கிறார்கள்.

உன்,
கார்டன்


ஆக்லாந்து
10 ஜனவரி 1988

கார்டன் அண்ணே,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸ் கழித்துத்தான் வந்தது. செய்தித்தாளுக்கு எழுதுவது போலவே எனக்கும் எழுதுகிறீர்கள். வேரா அக்கா எப்படி இருக்கிறார், மாமரம் காய்த்ததா என்று ஒரு வரி கிடையாது.

நான் கம்பளத் தொழிற்சாலையில் உருளை தள்ளுகிறேன். பதினோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இங்கே கணக்கு என்றால் ஷிப்டு முடிய எவ்வளவு நேரம் என்பதுதான். சனி, ஞாயிறு மட்டும் மனுஷன். வடகரையில் ஒரு கிளப்பில் மீட்புப் படகு ஓட்டுகிறேன். சம்பளம் இல்லை, சூப் உண்டு. இந்த ஊரில் என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறவர்கள் தண்ணீரில் கவிழ்ந்தவர்கள்தான்.

அந்தப் படகில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். யோகிக்குத் தமிழ் அரைகுறை, இந்தியில் மாற்றிச் சொல்லுங்கள்.

இங்கே முதல் மூன்று இடத்தில் வருகிறவர்கள் வித்தை எதுவும் செய்வதில்லை. அவர்களில் ஒருவன் டேக் அடிப்பதைப் பாருங்கள், அதாவது காற்றுக்குக் குறுக்கே மூக்கைத் திருப்பிப் படகை மறுபக்கம் மாற்றுவதை. முதலில் படகை லேசாகச் சாயவிடுகிறான். அந்தச் சாய்விலேயே படகு தானாகத் திரும்பத் தொடங்குகிறது. சுக்கான் கட்டையை அவன் தள்ளுவதே தெரியாது. பழைய பக்கத்திலேயே கடைசிவரை உட்கார்ந்திருந்து, பாய் தலைக்கு மேல் போன பிறகுதான் தாண்டுகிறான். தாண்டிய வேகத்தில் படகை நிமிர்த்துகிறான். வேகம் குறையவே இல்லை. நம் யோகி கட்டையை முதலில் தள்ளுகிறான், உடம்பு பின்னால் வருகிறது. அப்படித் தள்ளினால் சுக்கான் பிரேக் மாதிரி. படகு நின்றுவிடும்.

எப்போதும் அப்படி என்று சொல்லவில்லை. அதுதான் விஷயமே. யோகி அடித்த மிக நல்ல டேக்கையும் இவர்கள் அடித்ததையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. மோசமானதை வைத்துப் பாருங்கள், குழந்தை கூடச் சொல்லிவிடும். இவர்களுடைய மோசமான டேக்கும் மற்றதைப் போலவே இருக்கிறது. அலை வந்தால் முகடு தாண்டிச் சமதண்ணீர் வரட்டும் என்று பொறுக்கிறார்கள். யோகி நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறான். பொறுமை இருந்தால் எங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். எனக்கும் வரவில்லை.

இன்னொன்று. அவன் எடை குறைவு. பலத்த காற்றில் உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்தி வைக்க அவனால் முடியாது. இங்கே ஒல்லியானவர்கள் கம்பளி ஸ்வெட்டரைத் தண்ணீரில் முக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஈரக் கம்பளியின் பாரம் உதவுகிறது. விதியில் ஓரளவு அனுமதி உண்டு. பழைய துணிக் கடையில் மூன்று வாங்கினேன். பார்சல் தனியாக வருகிறது. சுவாவில் கம்பளிக்கு அவன் எங்கே போவான்.

அவன் வந்துவிட்டால் ப்ரேமிலா வாசலறையைத் தருகிறேன் என்கிறாள். பிள்ளைகள் சித்தப்பா எப்போது, எப்போது என்கிறார்கள்.

பாலு


சுவா
16 பிப்ரவரி 1988

அன்புள்ள பாலு,

சனிக்கிழமை நான்கு ஓட்டங்களில் யோகேந்திரா மூன்று, மூன்று, இரண்டு, ஐந்து. நடுவர் படகில் நான் இருந்தேன், முடிவுத்தாளையும் பார்த்தேன். மொத்தத்தில் இரண்டாவது இடம். அணி விசாவும் உண்மைதான். குடியேற்ற அலுவலகத்தில் கேட்டுவிட்டேன்.

வேரா நலம். மாமரம் காய்த்தது, வௌவால் தின்றது.

உன் கடிதத்தை அவனுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். சுக்கான் பிரேக் மாதிரி என்றதும் எழுந்து நின்றுவிட்டான். "அரே கார்டன் பாய், இத்தன வருஷமா நான் பிரேக் போட்டுக்கிட்டா ரேஸ் ஓட்டினேன்?" இப்போது கடையில் பெயின்ட் டின்களுக்கு நடுவே பெஞ்சியில் உட்கார்ந்து அந்தத் தாண்டலைப் பழகுகிறான். முதலாளி பார்த்துவிட்டு, "உன் இடுப்புல என்னடா கோளாறு?" என்று கேட்டிருக்கிறார்.

பார்சலும் வந்தது. ரஞ்சனா ஸ்வெட்டர்களை விரித்துப் பார்த்து, "இந்த வெயில்ல இதப் போட்டா ஆள் வெந்துபோவாரு. தம்பிக்கு அண்ணன் அனுப்பின தங்கத்தப் பாருங்க" என்றாள். அவன் அப்போதே ஒன்றை மாட்டிக்கொண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அவளும் சிரித்துவிட்டாள்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமை ஒரு மணிக்குத்தான் கடை அடைக்கிறார்கள். அதற்குப் பிறகு பந்தயம். வார நாட்களில் அவன் கரைக்கு வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பழக ஞாயிறு ஒன்றுதான் மிச்சம், அது தடை. சட்டம் தளரவில்லை. கிளப் பூட்டிக் கிடக்கிறது, கிளப்பின் மீட்புப் படகும் உள்ளே. அதனால் சனிக்கிழமை பந்தயம் முடிந்ததும் படகைக் கிளப்புக்குக் கொண்டுபோகாமல் லவுதாலா விரிகுடாவில் அலையாத்திப் புதருக்குள் இழுத்து வைத்துவிடுகிறான். ஞாயிறு காலை ஊர் முழுக்கச் சர்ச்சில் இருக்கும்போது இறங்குகிறான். கடைசிப் பாட்டுக்கு முன் கரையேறிவிடுகிறான். பிடித்தால் வழக்கு, வழக்கு வந்தால் விசா போயிற்று.

வேண்டாம் என்றேன். "நீங்க உள்ள பாடுங்க, நான் வெளியே ஓட்டறேன். ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான் வேண்டிக்கறோம்" என்கிறான். மாதா கோயில் மணி அடித்ததும் ரஞ்சனா வாசலுக்கு வந்து, அவன் திரும்பும்வரை நிற்கிறாளாம்.

இதுவரை மெல்லிய காற்றில்தான் பழகியிருக்கிறான். பலத்த காற்றில் எப்படி என்பது இனிமேல்தான் தெரியும். மார்ச் நடுவில் ஒரு பயிற்சிப் பந்தயம் வைப்பார்கள் என்கிறார்கள்; தேதி வரவில்லை.

உன்,
கார்டன்


ஆக்லாந்து
25 பிப்ரவரி 1988

கார்டன் அண்ணே,

மூன்று, மூன்று, இரண்டு, ஐந்து. ப்ரேமிலா கேசரி செய்தாள். தொழிற்சாலையில் ஒரு டோங்கா தீவுக்காரனிடம் கூடச் சொன்னேன்.

ஆனால் மெல்லிய காற்றில் வந்த எண்ணை நம்பாதீர்கள். மெல்லிய காற்றில் எல்லாரும் ஒன்று போலத்தான் தெரிவார்கள். இருபது நாட் வேகத்தில் காற்று அடிக்கும்போதுதான் ஆள் பிரிகிறான். நம் ஆட்கள் காற்று ஏறியதும் படகைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இங்கே அப்போதுதான் இறங்குகிறார்கள், கை ஓயும்வரை அதே டேக்கை அடிக்கிறார்கள். அவனும் அப்படிப் பழக வேண்டும். மார்ச் 26 என்ன காற்று வரும் என்று யாருக்குத் தெரியும்? ஷாலேந்திரா கனமானவன், அவனுக்குப் பயமில்லை.

ஸ்வெட்டர் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள்.

ஞாயிறு சட்டத்தைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். அதைப் போட்டவர்களால்தான் நான் கம்பளம் உருட்டுகிறேன். ஒரு ஞாயிறு கூட விட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். இன்னும் நாலு இருக்கிறது.

பாலு


சுவா
15 மார்ச் 1988

பாலு,

படகு கிடைத்துவிட்டது. இன்று காலை துறைமுகப் போலீஸ் சார்ஜண்ட் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். நுக்குலாவ் தீவுக்கு வெளியே பவளத் திட்டில் சாய்ந்து கிடந்தது. யோகேந்திரா கிடைக்கவில்லை.

நேற்று தொலைபேசியில் நான் சொன்னதில் எவ்வளவு உனக்குக் கேட்டது என்று தெரியவில்லை. லைன் அறுந்துவிட்டது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு அவன் வீட்டைவிட்டுப் போனான். ரஞ்சனா சொன்னது. பத்து மணிக்கு மேல் தென்கிழக்குக் காற்று ஏறியது. வானிலை அலுவலகத்தில் கேட்டேன், இருபத்திரண்டு நாட் வரை போயிருக்கிறது. பகல் ஒரு மணிக்கும் வராததால் அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். செருப்பு இல்லாமல் வந்தாள். நான் அலையாத்திக் கரைக்குப் போனேன். அவன் சைக்கிள் இருந்தது. அங்கிருந்து நேராகப் போலீசுக்குப் போய், தடை நாளில் படகு இறக்கினான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். உடனே படகு அனுப்பினார்கள், இருட்டும்வரை தேடினார்கள். நேற்று முழுக்கவும் தேடினார்கள். கிளப்பில் இருந்து ஷாலேந்திராவும் மற்றவர்களும் போனார்கள். ஷாலேந்திரா சாப்பிடக்கூடக் கரைக்கு வரவில்லை.

படகில் சேதம் எதுவும் இல்லை. பாய்மரம், சுக்கான், நடுப்பலகை எல்லாம் இருக்கின்றன. பாய்க் கயிறு முழு நீளத்துக்கும் வெளியே போயிருந்தது. மிதவைச் சட்டை கிளப் அலமாரியில் தொங்குகிறது. அது கிளப்பின் சொத்து, சனிக்கிழமை பந்தயம் முடிந்து கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். ஞாயிறு அதை எடுக்க வழியில்லை.

வேரா ரஞ்சனாவோடு இருக்கிறாள். பா ஊரில் இருந்து உங்கள் சித்தப்பா அப்பாசாமி இன்று பஸ்ஸில் வருகிறார்.

தேடுதல் வியாழன் மாலைவரை நடக்கும். அதற்கு மேல் தொடர்வதா என்பதை வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்கள்.

கார்டன்


ஆக்லாந்து
22 மார்ச் 1988

கார்டன் அண்ணே,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. இருபத்திரண்டு நாட், எட்டரை மணி, நடுப்பலகை. பலகையையா நான் கேட்டேன்?

காற்று ஏறியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சர்ச்சில் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தீர்கள்? அவன் தண்ணீரில் இருக்கிறான் என்று ஊரிலேயே உங்களுக்கும் ரஞ்சனாவுக்கும்தான் தெரியும். ஒருத்தர் எழுந்து வெளியே வந்து கரையில் நின்றிருக்கக் கூடாதா? பக்கத்தில் ஒரு மோட்டார் படகு கிடைக்கவில்லையா? எத்தனை பேரைத் தெரியும் உங்களுக்கு, மந்திரி முதல் மீன்காரன் வரை. வேண்டாம் என்றேன் என்று எழுதுகிறீர்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு அண்ணன் எதற்கு, அதை ரேடியோவே சொல்கிறதே.

ஞாயிறு சட்டம் பற்றி எழுதாதீர்கள் என்று நான் எழுதினேன். தெரியும். நீங்கள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொழிற்சாலைக்குப் போகிறேன். சனிக்கிழமை மீட்புப் படகுக்குப் போனேன். ஒரு பையன் கவிழ்ந்தான். நான் பக்கத்தில் போவதற்குள் நிமிர்த்திக்கொண்டு, ஒன்றுமில்லை போ என்று கை காட்டினான். படகைக் கரையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனிப் போகமாட்டேன்.

வர முடியாது அண்ணே. என் குடியேற்றக் காகிதம் இன்னும் வரவில்லை. ஒரு நாள் இந்த நாட்டை விட்டு வெளியே போனாலும் விண்ணப்பம் செத்துவிடும், திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ப்ரேமிலாவும் பிள்ளைகளும் இங்கே. அங்கே எனக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. ரஞ்சனாவிடம் எப்படிச் சொல்வீர்களோ, நீங்களே சொல்லுங்கள்.

அவன் என்ன போட்டிருந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

பாலு


சுவா
5 ஏப்ரல் 1988

அன்புள்ள பாலு,

நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார். பெயர் இலாயிசா, விரிகுடாக் கரைக் கிராமத்து மீனவர். பெரிய வெள்ளியன்று தானாக என் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் எழுதிக்கொண்டதை அவருக்குப் படித்துக் காட்டினேன், சரி என்றார்.

அந்த ஞாயிறு அவரும் திருட்டுத்தனமாகத் துடுப்புப் படகில் போய் வலை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் பாய் ஒன்று ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறார். "எத்தனை தடவ திரும்பினான் தெரியுமா, மிஸ்டர் கார்டன்? எல்லாம் ஒரே மாதிரி. அலை போறவரைக்கும் பொறுப்பான், அப்புறம் பறவை மாதிரி சாய்வான். நான் வலைய விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். காற்று அப்போது பலமாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு ஒரு வீச்சில் படகு கவிழ்ந்தது. படுத்த படகைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. பின்னால் ஒரு தலை நீந்தி வந்தது. படகுக்கும் தலைக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று என்கிறார். இலாயிசா வெகு தொலைவில் இருந்தார். கத்தலாமா என்று நினைத்திருக்கிறார். கத்தினால் ஆட்கள் வருவார்கள், அவனும் மாட்டுவான், தானும் மாட்டுவோம். இந்தப் படகுக்காரர்கள் கவிழ்வதும் எழுவதும் அவர் தினம் பார்ப்பது. மறுபடி பார்த்தபோது படகு தீவின் மறுபக்கம் போயிருந்தது. ஏறிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு வலையைச் சுருட்டினார்.

படகு கிடைத்த செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. "ஈசா" என்று அவர் மொழியில் அரற்றிக்கொண்டே என் படியில் உட்கார்ந்துவிட்டார். விசாரணையில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். தன் மேல் வழக்கு வருமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

கவிழ்ந்தால் பாய்க் கயிற்றை விடக்கூடாது என்பது யோகேந்திராவுக்குத் தெரியும். அவன் கவிழ்ந்து நான் பார்த்த தடவைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கயிறு கையில் இருந்தது. அந்த ஒன்று சனிக்கிழமை, மீட்புப் படகு பக்கத்தில் இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். மூன்றாவது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ரஞ்சனா அதை இன்னும் எடுக்கவில்லை.

எந்தப் பாட்டு என்று நினைவில்லை. சன்னலுக்கு வெளியே தென்னை மட்டைகள் அடித்துக்கொண்ட சத்தம் நினைவிருக்கிறது. காற்று பலம் என்று எனக்குத் தெரியும், அவன் தண்ணீரில் இருக்கிறான் என்றும் தெரியும். இரண்டையும் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணையிலும் கேட்பார்கள்.

தேர்வுப் பந்தயம் குறித்த நாளில் நடந்தது. ஷாலேந்திரா முதலாவது. அன்று காற்றே இல்லை.

இனி வீட்டு விஷயம். உடம்பு கிடைக்காததால் நீதிபதி முடிவு சொன்ன பிறகுதான் காரியம் செய்ய வேண்டும் என்று அப்பாசாமி சொல்லிவிட்டார். நீங்களே செய்யலாமே என்றேன். "கூடப் பொறந்த அண்ணன் உசிரோட இருக்கறப்ப நான் எப்படிய்யா செய்யறது? அவன் கையால தண்ணி விடாட்டி இந்தப் புள்ள எங்க போகும்?" என்றார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

ரஞ்சனா அடுப்படியில் இருந்து வெளியே வந்தாள். "அண்ணன வரச் சொல்லாதீங்க" என்றாள். "அவரும் இங்க வந்து மாட்டிக்கிட்டா, இவரு எதுக்குத் தண்ணில போனாரு?" அவள் நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு பேர் சொன்னதையும் சொன்னபடி எழுதிவிட்டேன். என் கருத்தை நீ கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் இல்லை.

விசாரணை ஏப்ரல் 21, வியாழன் காலை பத்து மணி, சுவா நீதிமன்றம். முடிவு அன்றே வரலாம் என்கிறார் எழுத்தர். வந்தால் மறுநாள் காலை கடற்கரையில் காரியம். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க ஒரு வாரம் ஆகும். வருகிறாயா இல்லையா என்ற உன் பதில் அதற்குள் எனக்கு வராது. அதனால் 20ஆம் தேதி புதன்கிழமை காலை பஸ்ஸில் நாடி விமான நிலையத்துக்குப் போகிறேன். ஆக்லாந்து விமானம் பகலில் இறங்குகிறது. எத்தனை மணிக்கு என்பது செவ்வாய் மாலைதான் உறுதியாகும் என்று விமானக் கம்பெனியில் சொன்னார்கள். கடைசி ஆள் வெளியே வரும்வரை இருப்பேன்.

உன்,
கார்டன்